பொது எதிரி ஒருவன் மட்டும் போதாது

மியன்மாரின் வடக்கு ஷான் மாநிலத்தின் பிரதான நகரான லாஷியோவை இராணுவ ஆட்சியாளர்கள் 2024 ஆகஸ்டில் இழந்தார்கள். அங்கிருந்த வடகிழக்குப் பிராந்தியக் கட்டளைத் தலைமையகம் கொகாங் இனத்தவரின் ஆயுத அமைப்பான மியன்மார் தேசிய ஜனநாயகக் கூட்டணி இராணுவத்திடம் வீழ்ந்தது. பிராந்தியக் கட்டளைத் தலைமையகமொன்று கிளர்ச்சியாளர்களின் கைகளுக்குச் சென்றது அந்நாட்டின் வரலாற்றில் அதுவே முதற் தடவையாகும். இராணுவ ஆட்சியின் நாட்கள் எண்ணப்படுவதாக அன்று பலரும் எழுதினார்கள். ஆனால், ஒன்பது மாதங்கள் கழிவதற்கு முன்னதாகவே, 2025 ஏப்ரலில் அதே நகரம் இராணுவ ஆட்சியாளர்களிடம் திருப்பிக் கையளிக்கப்பட்டது. அதனை அவர்கள் போரிட்டு மீட்கவில்லை. சீனா கொடுத்த நெருக்குதலையடுத்து, நகரைக் கைப்பற்றியவர்களே அங்கிருந்து வெளியேறினார்கள்.

இந்த நிகழ்வுக்குச் சீனாவை மாத்திரம் காரணமாகக் கூறிவிட்டு அப்பால் செல்வது எளிதானது. எல்லை வாயில்களை மூடி, மின்சாரத்தையும் எரிபொருளையும் தடுத்து, ஒரு சிறிய அமைப்பைப் பணிய வைப்பதற்குச் சீனாவினால் முடியும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அத்தகைய நெருக்குதல் பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நெருக்கப்படுகின்ற அமைப்பு தனித்து நிற்கவேண்டும். தனக்குப் பின்னால் ஏனைய அமைப்புகள் நிற்கும் என்ற நம்பிக்கை அதற்கு இருக்கக்கூடாது. மியன்மாரில் அந்த நிபந்தனை ஏழு தசாப்தங்களுக்கும் மேலாகத் தவறாமல் நிறைவேறிவருகின்றது.

"எல்லோரும் ஒன்றுபட்டிருந்தால் எப்போதோ வென்றிருப்பார்கள்" என்று வெளியுலக அவதானிகள் சலிப்புடன் கூறுவது வழக்கம். அது உண்மைதான். ஆனால், அதனால் எதுவும் விளங்கப்போவதில்லை. ஒற்றுமையின்மையை ஏதோ அந்த மக்களின் பிறவிக்குணம் போன்று அது காட்டுகின்றது. உண்மை வேறு. அங்குள்ள ஒவ்வோர் இனத்தவரிடமும் மீறப்பட்ட ஒரு வாக்குறுதியின் நினைவு இருக்கின்றது. வாக்குறுதியை மீறியவர்கள் இராணுவத்தினர் மட்டுமல்ல. இராணுவத்தை எதிர்த்து நின்றவர்களும், பக்கத்து மலையில் போராடியவர்களும், அதே பாசறையில் உறங்கியவர்களும் கூட மீறியிருக்கிறார்கள். இன்றைய அவநம்பிக்கை அனுபவத்தில் விளைந்தது. எனவே அது உபதேசத்தினால் மறையாது.

1947 பெப்ரவரி 12ஆம் திகதி பாங்லொங் நகரில் ஜெனரல் ஆங் சானும் ஷான், கச்சின், சின் தலைவர்களும் ஓர் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டார்கள். எல்லைப்புற மக்களின் உள்நாட்டு நிருவாகத்தில் தன்னாட்சி கொள்கையளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கரென் இனத்தவர்கள் அங்கு அவதானிகளாகவே இருந்தனர், ஒப்பமிடவில்லை. அதே வருடம் ஜூலை 19ஆம் திகதி ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். உடன்படிக்கையின் உயிரும் அவருடன் போய்விட்டது என்று சிறுபான்மை இனங்களின் தலைவர்கள் பிற்காலத்தில் கருதத் தலைப்பட்டார்கள். சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம் கடந்த நிலையில், 1949 ஜனவரியில் கரென் கிளர்ச்சி மூண்டது. இராணுவத் தளபதியாக இருந்த கரென் இனத்தவரான ஸ்மித் டன் அகற்றப்பட்டு, அவரது இடத்துக்கு நே வின் வந்தார். சமஷ்டி முறையைக் கோரிய ஷான் தலைவர்களின் முயற்சியை நாட்டைப் பிளவுபடுத்தும் சதியென்று காட்டி, 1962 மார்ச் 2ஆம் திகதி ஆட்சியைக் கைப்பற்றியவரும் அதே நே வின்தான்.

இவ்வளவும் பலர் அறிந்த கதை. எதிர்த்தரப்பின் உள்ளே நடந்தவை அந்தளவுக்குப் பேசப்படுவதில்லை.

பர்மா கம்யூனிஸ்ட் கட்சி 1968இலிருந்து சீனாவின் ஆயுத உதவியுடன் வடகிழக்கு எல்லையில் பெரும் பிரதேசமொன்றை ஆண்டது. கட்சியின் தலைமை பெரும்பாலும் பர்மியப் பெரும்பான்மை இனத்தவரிடம் இருந்தது. களத்தில் இறந்தவர்களில் மிகப் பலர் வா, கொகாங் போன்ற மலைவாழ் இனங்களின் இளைஞர்கள். வர்க்கப் புரட்சி வெற்றி பெற்றால் இனப்பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 1989 மார்ச்சில் கொகாங் படையினரும் ஏப்ரலில் வா படையினரும் கலகம் செய்து, முதிய தலைவர்களைச் சீனாவுக்குள் விரட்டினர். ஏறத்தாழ ஐந்து தசாப்த காலக் கட்சி சில வாரங்களில் கலைந்துபோனது. இராணுவப் புலனாய்வுத் தலைவர் கின் நியுன்ற் காலந்தாழ்த்தாமல் கலகக்காரர்களைச் சந்தித்து யுத்தநிறுத்தம் செய்துகொண்டார். முந்தைய வருடம் ஆயிரக்கணக்கான மாணவர்களும் மக்களும் வீதிகளில் சுட்டுக்கொல்லப்பட்டு, தப்பியவர்கள் எல்லைக்கு ஓடிவந்திருந்த நேரம் அது. நகரத்து எழுச்சியும் எல்லைப்புறத்துப் படைகளும் ஒன்றுசேரக்கூடிய வாய்ப்பு தோன்றிய வேளையிலேயே மிகப் பெரிய ஆயுதக் களஞ்சியம் களத்திலிருந்து விலகிப்போனது.

அடுத்த ஆறு வருடங்களில் இதே காட்சி திரும்பத் திரும்ப அரங்கேறியது. கச்சின் சுதந்திர அமைப்பு 1994 பெப்ரவரியில் தனியாக யுத்தநிறுத்தத்தில் கைச்சாத்திட்டது. அதே வருடத்தின் டிசம்பரில் கரென் தேசிய ஒன்றியம் பிளந்தது. தலைமையில் கிறிஸ்தவர்களின் செல்வாக்கு மேலோங்கியிருந்ததாலும், தங்களது மனக்குறைகளுக்குச் செவிசாய்க்கப்படாததாலும் வெறுப்படைந்திருந்த பௌத்த போராளிகள் பிரிந்துசென்று தனியான படையொன்றை அமைத்தார்கள். மறைவான வழிகளை அறிந்த அவர்களின் துணையுடன் இராணுவம் முன்னேறி, 1995 ஜனவரியில் மானெர்ப்ளோ முகாமைக் கைப்பற்றியது. அம்முகாம் கரென்களின் தலைமையகமாக மாத்திரம் இருக்கவில்லை. 1990 தேர்தலில் மக்களால் தெரிவுசெய்யப்பட்டு, பதவியேற்க அனுமதிக்கப்படாதவர்கள் அமைத்த நாடுகடந்த அரசாங்கம் பிரகடனப்படுத்தப்பட்டதும் அங்குதான். பல இனங்களின் கூட்டமைப்புகளுக்கும் அதுவே இருப்பிடமாக இருந்தது.

இந்த வரலாறு தரும் பாடமொன்று உண்டு. வெடிப்பை இராணுவம் உருவாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள வெடிப்பைத் தேடிக் கண்டுபிடித்து அதில் ஆப்பு வைக்கின்றது. கம்யூனிஸ்ட் தலைமை வா இளைஞர்களின் மனக்குமுறலைக் கேட்டிருந்தால் கின் நியுன்றுக்கு அங்கு வேலை இருந்திருக்காது. பௌத்த போராளிகளின் முறைப்பாடுகளை கரென் தலைமை நேரகாலத்துடன் விசாரித்திருந்தால் மானெர்ப்ளோவுக்கான வழியை யாரும் காட்டிக்கொடுத்திருக்கமாட்டார்கள். "துரோகம்" என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுவது தலைமைகளுக்கு வசதியானது. அந்தச் சொல் விசாரணைக்கு இடம்வைப்பதில்லை.

அந்தச் சொல் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு மியன்மார் மாணவர்களின் வரலாற்றில் ஒரு கொடிய உதாரணம் இருக்கின்றது. 1988 எழுச்சிக்குப் பிறகு எல்லைக்குச் சென்ற மாணவர்கள் அனைத்து பர்மா மாணவர் ஜனநாயக முன்னணியை அமைத்தார்கள். தலைமைப் போட்டியினால் 1991இல் அது இரண்டாகப் பிரிந்தது. கச்சின் மலைகளில் இருந்த அதன் வடபகுதிப் பிரிவில், இராணுவத்தின் உளவாளிகள் ஊடுருவிவிட்டார்கள் என்ற சந்தேகம் பரவியது. தங்களுடைய தோழர்களையே பிடித்து அடைத்தார்கள். சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். ஒரு வாக்குமூலம் பல கைதுகளுக்கு வழிகோலியது. 1992 பெப்ரவரி 12ஆம் திகதி பதினைந்து பேர் கொல்லப்பட்டனர். பாங்லொங் உடன்படிக்கையின் நினைவாக அந்த நாடு ஒன்றிய தினமாகக் கொண்டாடுகின்ற அதே திகதி அது. இராணுவம் ஒரு குண்டையும் செலவழிக்கவில்லை. தப்பியவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தினரும் நியாயம் கேட்டு இரண்டு தசாப்தங்களுக்கும் மேலாக அலைந்தார்கள்.

யுத்தநிறுத்தங்களின் கதையும் இதனுடன் சேர்ந்ததே. தனியாகச் செய்துகொள்ளப்பட்ட சமாதானம் எந்தவோர் அமைப்புக்கும் நிலையான பாதுகாப்பைக் கொடுத்ததில்லை. கச்சின்களின் யுத்தநிறுத்தம் 17 வருடங்கள் நீடித்து 2011 ஜூனில் முறிந்தது. அதற்கு முன்னதாக, 2009 ஆகஸ்டில் இராணுவம் கொகாங் பிரதேசத்துக்குள் புகுந்தபோது ஆயிரக்கணக்கானோர் சீனாவுக்குள் தஞ்சம் புகுந்தார்கள்; இருபது வருடங்களாக யுத்தநிறுத்தத்தைக் கடைப்பிடித்து வந்தவர்களுக்கு நேர்ந்த கதி அது. 2015 ஒக்டோபரில் "நாடளாவிய யுத்தநிறுத்த உடன்படிக்கை" என்று பெயரிடப்பட்ட ஆவணத்தில் எட்டு அமைப்புகளே ஒப்பமிட்டன. கச்சின், வா போன்ற பலம்வாய்ந்த அமைப்புகள் ஒப்பமிடவில்லை. அரக்கன், தாங், கொகாங் அமைப்புகளை அரசாங்கம் சேர்த்துக்கொள்ளவேயில்லை. கையெழுத்திட்டவர், கையெழுத்திடாதவர் என்ற புதிய பிரிவினை தோன்றியது. மை காய்வதற்கு முன்னரே ஷான் மாநிலத்தில் கையெழுத்திட்ட ஷான் அமைப்பொன்றுக்கும் கையெழுத்திடாத தாங் அமைப்புக்குமிடையே மோதல் மூண்டது.

சிவில் அரசியல் தலைமையும் இந்த விடயத்தில் கறையற்றது அல்ல. ஆங் சான் சூகியின் தேசிய ஜனநாயக லீக் 2015 தேர்தலில் பெருவெற்றி பெற்று ஆட்சிக்கு வந்தது. 2017இல் இராணுவத்தின் வேட்டைக்கு அஞ்சி ஏழு இலட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். 2019 டிசம்பரில் சூகி அம்மையார் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் தோன்றித் தனது நாட்டின் மீதான இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மறுத்து வாதாடினார். யங்கூனிலும் மண்டலேயிலும் மக்கள் அவருக்கு ஆதரவாகத் திரண்டார்கள். பதினான்கு மாதங்களுக்குள், 2021 பெப்ரவரி 1ஆம் திகதி, அதே இராணுவம் அவரைச் சிறைபிடித்தது. எல்லைப்புறங்களில் அதுவரை பயன்படுத்தப்பட்ட வன்முறை நகரங்களின் வீதிகளுக்கு வந்தபோதுதான், தாங்கள் இவ்வளவு காலமும் நம்ப மறுத்தவை உண்மை என்பதைப் பெரும்பான்மை இனத்தவர்களில் பலர் உணர்ந்தார்கள். ரோஹிங்கியாக்களிடமும் ஏனைய இனத்தவர்களிடமும் இளைஞர்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது அந்நாட்டு அரசியலில் முன்னர் காணப்படாத ஒன்று.

அந்த மனமாற்றத்தின் பலன்கள் ஆவணங்களிலும் தெரிந்தன. 2021 மார்ச் இறுதியில் சமஷ்டி ஜனநாயக சாசனம் வெளியிடப்பட்டது. 2008 அரசியலமைப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ஏப்ரலில் அமைக்கப்பட்ட தேசிய ஐக்கிய அரசாங்கத்தில் பதில் ஜனாதிபதியாகக் கச்சின் இனத்தவரான டுவா லாஷி லாவும் பிரதமராகக் கரென் இனத்தவரான மான் வின் கைங் தானும் பொறுப்பேற்றார்கள். ரோஹிங்கியா என்ற பெயரையே உச்சரிக்கத் தயங்கிய அரசியல் மரபில் வந்தவர்கள், 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை நீக்குவதாக ஜூன் மாதத்தில் வாக்குறுதி அளித்தார்கள். 2023இல் ரோஹிங்கியா ஒருவர் அந்த அரசாங்கத்தில் பிரதி அமைச்சரானார். 2024 ஜனவரி இறுதியில் அந்த அரசாங்கமும் கரென், கரென்னி, சின் அமைப்புகளும் கூட்டு நிலைப்பாடொன்றை வெளியிட்டன. இவற்றைச் சிறிய முன்னேற்றங்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல.

ஆனாலும், இந்த ஏற்பாடுகளுக்கு வெளியில்தான் களத்தின் பெரும் வெற்றிகள் ஈட்டப்பட்டன. 2023 ஒக்டோபர் 27ஆம் திகதி ஆரம்பமான "நடவடிக்கை 1027" கொகாங், தாங், அரக்கன் அமைப்புகளின் மூவர் கூட்டணிக்குரியது. அவற்றில் எதுவும் தேசிய ஐக்கிய அரசாங்கத்தின் அங்கமல்ல. இராணுவம் பின்வாங்கிய இடங்களில் உடனடியாக இன்னொரு கேள்வி எழுந்தது: கைப்பற்றப்பட்ட நகரை ஆளப்போவது யார்? சின் மாநிலத்தின் பலெட்வாவை 2024 ஜனவரியில் அரக்கன் இராணுவம் கைப்பற்றியபோது சின் மக்கள் மகிழ்ச்சியையும் அச்சத்தையும் ஒருசேர அனுபவித்தார்கள். சின் அமைப்புகளே இரு அணிகளாகப் பிரிந்து நின்றன. 2025 பெப்ரவரியில் மிசோரமின் தலைநகர் ஐஸோலில் இரு அணிகளும் இணக்கம் கண்டன. ஐந்து மாதங்கள் சென்று ஜூலையில், இரு சின் ஆயுதக் குழுக்களுக்கிடையே மோதல் மூண்டு, ஆயிரக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மிசோரமுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். இராணுவத்தின் விமானக் குண்டுகளுக்குத் தப்பி வாழ்ந்த கிராமத்தவர்கள் தங்களது விடுதலைக்காகப் போராடுவோரின் துப்பாக்கிகளுக்குப் பயந்து ஓடினார்கள்.

அரக்கனில் நிலைமை இதைவிடவும் சிக்கலானது. குடியுரிமை மறுக்கப்பட்ட ரோஹிங்கியா இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்து, 2024இல் இராணுவம் அரக்கன் இராணுவத்துக்கு எதிராகப் போருக்கு அனுப்பியது. ரோஹிங்கியா ஆயுதக் குழுக்கள் சிலவும் இராணுவத்தின் பக்கம் சாய்ந்தன. புத்திடோங் நகரம் 2024 மே மாதத்தில் எரிந்தபோது அரக்கன் இராணுவத்தின் மீது பாரதூரமான குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அந்த அமைப்பு அவற்றை மறுத்தது. இனங்களை ஒன்றுக்கொன்று எதிராக மூட்டிவிடுவது இராணுவத்தின் பழைய தந்திரம். அதனைத் தெரிந்துகொண்டும் அந்த வலையில் விழுவோரைத் தந்திரசாலிகளின் பலிக்கடாக்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பல தசாப்தங்களாக ஒடுக்கப்பட்ட ஓர் இனம், தனக்கு அதிகாரம் கிடைத்ததும் தன்னிலும் பலவீனமானவர்களை எவ்வாறு நடத்துகின்றது என்பதிலேயே அதன் போராட்டத்தின் தகுதி நிர்ணயிக்கப்படும்.

இதற்கிடையில் இராணுவ ஆட்சியாளர்களுக்கு மூச்சுவிட அவகாசம் கிடைத்தது. ஆகப் பெரிய ஆயுத அமைப்பான ஐக்கிய வா அரச இராணுவம், சீனாவின் நெருக்குதலைக் காரணங்காட்டி, நேச அமைப்புகளுக்கு இனி ஆயுத உதவி செய்வதற்கில்லை என்று 2025 ஆகஸ்டில் கூறிவிட்டது. லாஷியோவை மீளப்பெற்ற படைகள் தாங் அமைப்பின் மீது திரும்பின. நவ்ங்கியோ, கியாவ்க்மே, சிபோ என்று நகரங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. 2025 ஒக்டோபர் இறுதியில், மாணிக்கச் சுரங்கங்களுக்குப் பெயர்போன மொகொக்கிலிருந்து விலகுவதற்குத் தாங் அமைப்பும் குன்மிங் நகரில் உடன்பட்டது. 2025 டிசம்பர் 28இல் தொடங்கி 2026 ஜனவரியில் முடிவடைந்த மூன்று கட்டத் தேர்தலை நடத்தி, தமது ஆதரவுக் கட்சி வென்றதாக இராணுவ ஆட்சியாளர்கள் அறிவித்தார்கள். 2020 தேர்தலில் வென்ற தேசிய ஜனநாயக லீக் அதற்கு முன்னதாகவே கலைக்கப்பட்டிருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் முகாம் முகாமாகச் சரணடைந்துகொண்டிருந்த இராணுவம், கட்டாய ஆட்சேர்ப்பினாலும் விமானங்களினாலும் அயல்நாட்டு ஆதரவினாலும் மாத்திரம் மீண்டெழவில்லை. தன்னை எதிர்ப்பவர்களை ஒருவர் பின் ஒருவராகச் சந்திக்கும் வசதி அதற்கு இருந்தது.

இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு. ஒற்றைத் தலைமை இல்லாமையே எதிர்ப்பின் பலம் என்று சிலர் வாதிடுகிறார்கள். வெட்டி வீழ்த்துவதற்கு ஒரு தலை இருந்திருந்தால் எதிர்ப்பு 2021இலேயே அடங்கியிருக்கும் என்பது அவர்களின் கணிப்பு. இந்த வாதத்தில் உண்மை இருக்கின்றது. ஒற்றைத் தலைமையை ஐக்கியம் என்று கருதுவதும் ஆபத்தானது. சகோதர அமைப்புகளை அழித்து உருவாக்கப்படுகின்ற "ஒரே குரல்" என்ன விலையைக் கோரும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துச்சொல்லத் தேவையில்லை. மியன்மாருக்குத் தேவைப்படுவது ஒரு தலைமை அல்ல. அமைப்புகள் ஒன்றுக்கொன்று செய்யமாட்டோம் என்று உறுதிகூறக்கூடிய விடயங்களின் பட்டியலொன்றே தேவை. மற்றவர்களுக்குத் தெரியாமல் தனிச் சமாதானம் செய்வதில்லை. எல்லைத் தகராறுகளைத் துப்பாக்கியினால் தீர்ப்பதில்லை. தமது கட்டுப்பாட்டில் வாழும் வேறு இனத்தவர்களைத் தண்டிப்பதில்லை. விசாரணையின்றி எவரையும் உளவாளியென்று கொல்வதில்லை. இந்த நான்கும் கடந்த காலத்தில் மீறப்பட்டவை என்பதாலேயே முக்கியமானவை.

"முதலில் இராணுவத்தை வீழ்த்துவோம், மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்வோம்" என்ற வாசகம் வீரமாக ஒலிக்கும். எனது அபிப்பிராயத்தில், மியன்மாரின் எதிர்ப்பியக்கத்துக்கு அதைவிடத் தீங்கு செய்த வாசகம் வேறில்லை. "பிறகு" என்ற சொல்லைச் சிறுபான்மை இனங்கள் 1947இலிருந்து கேட்டுவருகின்றன. வெற்றிக்கு மறுநாள் தனக்கு என்ன நடக்கும் என்று தெரியாத எந்த அமைப்பும் இன்று தன்னிடமுள்ள ஆயுதத்தையும் நிலத்தையும் பொதுவில் வைக்காது. அதனைச் சுயநலம் என்று கூறலாம். அனுபவசாலியின் எச்சரிக்கை என்றும் கூறலாம்.

செய்யக்கூடியது என்ன என்பதற்கு உள்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கின்றது. கரென்னி மாநிலத்தில் 2023 ஜூனில் இடைக்கால நிறைவேற்றுச் சபையொன்று அமைக்கப்பட்டது. பழைய ஆயுத அமைப்பும், 2021க்குப் பின்னர் தோன்றிய இளைஞர் படைகளும், சிவில் சமூகத்தினரும் அதில் பங்கேற்றனர். பாடசாலை, சுகாதாரம், பொலிஸ், நீதிமன்றம் ஆகியவற்றைக் கூட்டாக நடத்த முற்பட்டார்கள். குறைபாடுகள் இல்லாத ஏற்பாடு அல்ல அது. ஆனால், நாளைய ஆட்சி எப்படி இருக்கும் என்ற கேள்விக்குப் போர் முடிவதற்கு முன்னரே விடைகாண முற்பட்டது என்பதே அதன் சிறப்பு. ஒருவர் மற்றவரை நம்புவதற்குப் பிரகடனங்களைக் காட்டிலும் ஒன்றாக நடத்திய ஒரு பாடசாலை கூடுதலாக உதவும்.

முதலடி எடுத்துவைக்க வேண்டிய கடமை பர்மியப் பெரும்பான்மை இனத்தின் ஜனநாயகத் தலைவர்களுக்கே உரியது. பங்கிடுவதற்கு அதிகாரம் அதிகமாக இருப்பது அவர்களிடம், கடன்பட்டிருப்பவர்களும் அவர்களே. சமஷ்டி பற்றிய வாக்குறுதியை இன்னொரு மாநாட்டுக்கு ஒத்திவைக்காமல், விடுவிக்கப்பட்ட பிரதேசங்களில் இன்றே நடைமுறைப்படுத்திக் காட்டவேண்டும். தாங்கள் இல்லாவிட்டால் நாடு சிதறிவிடும் என்று 1962இலிருந்து மியன்மாரின் ஜெனரல்கள் கூறிவருகிறார்கள். எதிர்ப்பாளர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொய்க்கு ஒரு சாட்சி கிடைக்கின்றது. பாங்லொங்கில் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கையைச் சிறுபான்மை இனங்களிடம் ஏற்படுத்தாதவரை, இழந்த நகரங்களை இராணுவ ஆட்சியாளர்கள் போரிடாமலேயே திரும்பப் பெற்றுக்கொண்டிருப்பார்கள்.